பெருந்துறையிலும் ஒரு கூட்டம் நடக்கிறது

கண்ணு,

இந்தக் கடிதத்தில் உன் பெயரை எழுதப் போவதில்லை. வீட்டை விட்டுப் போன அன்று நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது, "என்னைக் குடிகாரன்னு ஊருக்கே சொல்லிப்போட்டியே" என்பதுதான். அதனால் உன் பெயரும் வேண்டாம், என் பெயரும் வேண்டாம். நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அப்பா செய்தால் எடுக்கிறாய். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அறைக்குத் தபால் போட்டால் உன்னோடு தங்கியிருப்பவர்கள் பிரித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இப்படிப் பத்திரிகையில் பொதுவாக எழுதினால், யாரோ ஓர் அம்மா யாரோ ஒரு மகனுக்கு எழுதியது என்று மற்றவர்கள் படித்துவிட்டுப் போவார்கள். நீ படித்தால் மட்டும் இது உனக்கு என்று தெரியும். எனக்கும் வயதாகிறது. புரை எடுத்த பிறகு கண் நன்றாகத் தெரிகிறது, ஆனால் பஸ் படி ஏறும்போது முட்டி பிடித்துக்கொள்கிறது. சொல்ல வேண்டியதை நடமாட்டம் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

உன்னைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது குடியல்ல. பள்ளியில் படிக்கிற வயதில் நீ நம் பங்குக் கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஓடை செய்தாய். யாரோ தூக்கிப் போட்ட கூலரிலிருந்து சின்ன மோட்டாரைக் கழற்றி, குழாய் பொருத்தி, வைக்கோலுக்கும் பொம்மை ஆடுகளுக்கும் நடுவே தண்ணீரை ஓட விட்டாய். பூசை முடிந்து எல்லோரும் குடிலைச் சுற்றி நின்று பார்த்தபோது நீ தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். சாமியார் கூப்பிட்டும் வரவில்லை. அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் தோளிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அந்தக் கை உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு உன் விஷயத்தில் அவர் கோபப்பட்டதையெல்லாம் அந்தக் கையோடு சேர்த்துத்தான் நீ பார்க்க வேண்டும்.

உன் அப்பா ஏன் அப்படி என்று உனக்கு நாங்கள் சரியாகச் சொன்னதில்லை. அவரைப் பெற்றவர்கள் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்தவர்கள். இந்த ஆட்களுக்குக் காசு கொடுத்தால் குடித்தே அழிப்பார்கள் என்று தோப்புக்காரர் இவர்கள் பிள்ளைகளின் முன்னாலேயே சொல்வாராம். அதைப் பொய்யாக்கிக் காட்ட வேண்டும் என்றே உன் அப்பா பவுண்டரியில் வேலை பார்த்த காலம் முழுவதும் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. நான் மிஷன் பள்ளியில் டீச்சரானேன். நீ டிப்ளமோ முடித்து பம்பு கம்பெனியில் சர்வீஸ் இஞ்சினியரானாய். உன் கம்பெனிச் சட்டையை அவர்தான் இஸ்திரி போடுவார், என்னை விடமாட்டார். அப்படிப்பட்டவருக்கு நீ குடித்துவிட்டு வந்து நின்றது, தோப்புக்காரர் வீட்டுக்குள் ஏறி வந்து மறுபடியும் அந்த வார்த்தையைச் சொன்னதுபோல இருந்தது. அதனால்தான் அவர் அதைப் பார்க்கவே மறுத்தார். நான் பார்த்தேன், ஆனால் மறைத்தேன். திங்கட்கிழமை நீ எழ முடியாமல் கிடந்தபோதெல்லாம் உன் மேனேஜருக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொன்னது நான்தான். ஒறம்பரை, சொந்தபந்தம் யாராவது வந்தால் உன் அறைக் கதவைச் சாத்தி, சைட்டு வேலைக்குப் போயிருக்கிறான் என்பேன். வகுப்பில் ஒரு பிள்ளை பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள், வீட்டில் நானே சொல்லக் கற்றுக்கொண்டேன்.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று முதலில் சொன்னது உன் பெரிய அத்தை. பிறகு எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை நம்ப ஆசைப்பட்டேன். அந்தப் பெண்ணை இங்கே ரீட்டா என்று சொல்கிறேன். கிணத்துக்கடவில் வீடு. அப்பா இல்லை. அம்மா தென்னை நார் மில்லில் வேலை பார்த்து வளர்த்த பெண். கிளினிக்கில் லேப் டெக்னீசியன். பெண் பார்க்கப் போனபோது அவர்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஏதோ சத்தம் போடுகிறது என்று நீ எழுந்து போய், சட்டைக் கையை மடித்துக்கொண்டு சரி செய்தாயே, அவள் அப்போது சிரித்ததை நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். நிச்சயம் முடிந்து சில வாரம் நீ குடியைத் தொடவே இல்லை. நான் சந்தோசத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். பிறகு ஒரு மாலை, குடித்துவிட்டுச் சுங்கம் ரவுண்டானா அருகில் வண்டியோடு விழுந்தாய். யாரோ இரண்டு பேர் உன்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். முகமெல்லாம் சிராய்ப்பு. காயத்தைத் துடைத்துக்கொண்டே அழுதேன். நீயும் அழுதாய். "இனிமே மாட்டேன்மா" என்றாய். நீ பொய் சொல்லவில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். உனக்கு அந்த நேரத்தில் அது உண்மைதான்.

அதற்குப் பிறகுதான் நான் தேட ஆரம்பித்தேன். குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம் ஒன்று உண்டு என்று எப்போதோ ஆசிரியர் அறையில் யாரோ சொன்னது மனதில் இருந்தது. எங்கே என்று யாரிடம் கேட்பது? மருந்துக்கடைக்காரரிடம் கேட்கலாம் என்று போய், தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினேன். பங்குச்சாமியாரிடம் கேட்கப் போய், பூசையில் வேண்டிக்கொள்ள உன் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில், மனநலப் பிரிவுக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்து, உள்ளே இருந்த ஆலோசகரிடம் கேட்டேன். அவர் எதுவும் துருவிக் கேட்காமல் ஒரு போன் நம்பர் சொன்னார். மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினேன். எடுத்தவர் குரல் வயதான குரல்.

"யாருங்க குடிக்கிறது?" என்றார்.

"என்ற பையனுங்க."

"அவரு வாரேன்னு சொல்றாருங்களா?"

"இல்லீங்க. நான்தான் கேக்கறேன்."

"அப்ப நீங்க வாங்கம்மா," என்றார். "ஊட்டுல இருக்கறவங்களுக்குத் தனியா ஒரு ரூமுல உட்கார்றாங்க. பையன் வர்றப்ப வரட்டுங்க."

எனக்கு எரிச்சலாக இருந்தது. நோய் அவனுக்கு, மருந்து எனக்கா என்று நினைத்தேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் சொன்ன சமுதாயக் கூடத்தைக் கண்டுபிடித்து, வாசலில் நின்ற பெண்ணிடம் மெதுவாக, "கூட்டம் இங்கதானுங்களா?" என்று கேட்டேன். என்ன கூட்டம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "ஆமாங்க, உள்ள வாங்க" என்று உட்கார வைத்தாள். என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இத்தனை வீட்டில் இந்தக் கஷ்டமா என்று எனக்கு மனசு கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஒரு டாக்டர் வந்தார். காலைத் தினமும் கழுவித் துடைக்க வேண்டும், செருப்பு இறுக்கமாக இருக்கக் கூடாது என்று பேசினார். பிறகு ஒரு பெண் வந்து என் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, "உங்களுக்குச் சுகர் இல்லீங்க" என்று சொல்லி ஒரு பிஸ்கட் கொடுத்தாள். நான் தேடிப் போன கூட்டம் மாடியில் நடந்து, அதற்குள் முடிந்து, ஆண்கள் சிலர் சிரித்துப் பேசிக்கொண்டு படியில் இறங்கி வந்தார்கள். அவர்களில் யாரையும் பார்த்தால் குடித்தவர்கள் மாதிரியே இல்லை. எனக்குப் போய்ப் பேச தைரியம் வரவில்லை. பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உன்னிடம் இதைச் சொல்லிச் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். அதற்கு நேரம் வாய்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு நேரே மாடி ஏறினேன். பெண்கள் உட்காருகிற அறையில் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். அங்கே பேசப்படுவதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கிற ஒழுங்கு. அதனால் அவர்கள் கதைகளை நான் இங்கே எழுத மாட்டேன். ஒன்று மட்டும், அவர் அனுமதியோடு சொல்கிறேன். தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் நோட்டும் பேனாவுமாகப் போயிருந்தேன், டீச்சர் புத்தி. மகனை எப்படி இங்கே கூட்டி வருவது, என்ன சொன்னால் வருவான் என்று கேட்டேன். அவர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினார்.

"அந்த வழி கேட்டுத்தானுங்க டீச்சர் நாங்க அத்தனை பேரும் இங்க வந்தோம்," என்றார். "யாருக்கும் கிடைக்கலீங்க. கிடைக்கலைன்னு தெரிஞ்சும் வாரோம்."

அன்றைக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரு குரலில் உட்கார வைக்கிறவள் நான். சொந்த மகனை ஒரு மாடிப்படி ஏற வைக்க முடியாதா என்று மனதுக்குள் சவால் விட்டுக்கொண்டு திரும்பினேன். உன் பாட்டிலைத் தேடி எடுத்துக் கொட்டியதெல்லாம் அந்த வாரங்களில்தான். பீரோவுக்குப் பின்னால், வண்டி டூல்ஸ் பையில், ஒருமுறை அரிசி டிரம்மில். நான் கொட்டக் கொட்ட நீ இன்னும் நன்றாக ஒளித்தாய். வேறெதுவும் நடக்கவில்லை.

கடைசியில் நீயே ஒருநாள் வந்தாய். மறந்திருக்க மாட்டாய். சம்பளம் வாங்கிய மறுநாள் குடித்துவிட்டு நடந்துகொண்டதற்கு வெட்கப்பட்டு, காலையில் என் முகத்தைப் பார்க்காமல், "சரி, அந்தக் கூட்டத்துக்குப் போலாம்" என்றாய். மாதத்தில் ஒருமுறை குடும்பத்தாரும் சேர்ந்து உட்காருகிற கூட்டம் அன்றைக்கு. நீ என் பின்னால் படி ஏறி வந்த ஓசையை நான் கேட்டுக்கொண்டே போனேன். உள்ளே வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று சொன்னார்கள். சம்பளம் வாங்குகிறவரும் இருந்தார், கொடுக்கிறவரும் இருந்தார். உன் முறை வந்தது. என் கை ஜெபமாலையைப் பிடித்திருந்தது. நீ எழுந்து, நல்ல குரலில், "எங்கம்மாவைக் கூட்டிட்டு வந்தேனுங்க. அவங்களுக்குத் தனியா வர பயம்" என்று சொல்லி உட்கார்ந்தாய்.

யாரும் சிரிக்கவில்லை. எதிரில் இருந்த பெரியவர், நான் முதலில் போனில் கேட்ட அதே குரலில், "நல்லதுங்க. டீ குடிங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். அடுத்தவர் பேச ஆரம்பித்தார். அவருக்கு எல்லாம் தெரிந்தது என்று எனக்குத் தெரிந்தது. அவரும் ஒருகாலத்தில் அப்படி எதையாவது சொல்லியிருப்பார். திரும்பும்போது வண்டியில் நீ தெம்பாகப் பேசினாய். அவங்க எல்லாம் குடிகாரங்கம்மா, எனக்கு அந்த அளவுக்கு இல்லை, நான் வேலைக்குப் போறேன், யார்கிட்டயும் கை நீட்டறதில்லை என்றாய். காற்றில் பாதிதான் காதில் விழுந்தது. உன் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் அந்தப் பெரியவரிடம், அவன் மறுபடி வருவானா என்று கேட்டேன். "தெரியாதுங்கம்மா" என்றார். எல்லோரும் எதையாவது சொல்லித் தேற்றும்போது, தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவர்.

பிறகு ஓலை வாசித்தார்கள். நம் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பெண் பெயரைச் சொல்லி அறிவிப்பார்கள் அல்லவா, அதில் கடைசி வரியை அதுவரை நான் காதில் வாங்கியதே இல்லை. எத்தனை பேருடைய ஓலையைக் கேட்டிருப்பேன். முதல் ஞாயிறு உன் பெயரையும் ரீட்டா பெயரையும் சாமியார் வாசித்தார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று வாசித்தார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன். அவர் என்னைத்தான் கேட்கிறார் என்று தோன்றியது. குடி, திருச்சபைச் சட்டத்தில் தடை இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணிடம் மறைத்துக் கட்டி வைத்தால், நான் உன் மேனேஜருக்குச் சொன்ன காய்ச்சல் பொய்யை இனி அவள் சொல்வாள். அவளுக்குப் பிறக்கிற பிள்ளை சொல்லும்.

அன்றைக்கு மதியம் உன் அப்பாவிடம், "ஏனுங்க, அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிப்போடலாமுங்க" என்றேன். அவர் சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார். "நம்ம பையன் என்ன ரோட்டுலயா கிடக்கறான்? நீயே குழி வெட்டாதே" என்றார். உன்னிடம் சொன்னேன். நீயே போய் அவளிடம் சொல், நான் கூட வருகிறேன் என்றேன். நீ சரி என்றாய். ஒருநாள் அதற்காகவே கிளம்பி, சட்டை மாற்றி, வண்டியையும் எடுத்தாய். ரீட்டாவைப் பார்த்துவிட்டு வந்து, சொல்லிட்டேன், அவ ஒண்ணும் பெருசா எடுத்துக்கலை என்றாய். முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது ஞாயிறும் ஓலை வாசித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை நான் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி கிணத்துக்கடவில் இறங்கினேன். ரீட்டாவின் அம்மா மில்லுக்குப் போயிருந்தார். அவள் மட்டும் இருந்தாள். கல்யாணத்துக்கு எடுத்த ஜாக்கெட் துணிகளைக் கட்டில்மேல் பரப்பி வைத்திருந்தாள். வாங்க அத்தை என்று எழுந்தாள். தண்ணீர் கொண்டு வந்தாள். நான் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். எத்தனை வருசமாக, எவ்வளவு, வண்டியில் விழுந்தது, கூட்டத்துக்குப் போனது, நீ அங்கே சொன்னது, எல்லாம். உன்னை விட்டுக்கொடுக்கவும் இல்லை. நல்ல பையன் அம்மணி, கை வேலைக்காரன், யாரையும் அடிக்க மாட்டான், ஆனால் இது இருக்கிறது, நான் எவ்வளவோ பார்த்தும் என்னால் நிறுத்த முடியவில்லை, உன்னாலும் முடியும் என்று பொய் சொல்ல மாட்டேன் என்றேன்.

அவள் துணிகளை ஒவ்வொன்றாக மடித்தாள். பிறகு, "நீங்க வந்தது அவருக்குத் தெரியுங்களா அத்தை?" என்றாள்.

"தெரியாது அம்மணி."

"போன வாரம் வந்திருந்தாருங்க. ஏதோ சொல்லோணும்னு வந்த மாதிரிதான் இருந்துச்சு. மோட்டாரை மறுபடியும் பார்த்துட்டுப் போயிட்டாரு." துணியைக் கீழே வைத்தாள். "அவரே சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேனுங்க அத்தை. இப்ப என்னால முடியாதுங்க."

கண்ணு, இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு தூரம் எழுதி வந்தேன். இதை உன் அப்பாவிடமும் சொன்னதில்லை. நான் செய்தது சரி என்று அந்தத் தையல்கடை அக்கா சொல்கிறார். மனதறிந்து ஒரு பெண்ணை ஏமாற்றாமல் இருந்தது சரிதான். ஆனால் நான் இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் நீ மறுபடியும் வண்டியை எடுத்துக்கொண்டு போய், இந்த முறை வாயைத் திறந்து சொல்லியிருப்பாயோ? உன் வாயால் வர வேண்டிய ஒரே உண்மையை நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேனோ? உன் காய்ச்சலுக்கு நான் போன் செய்ததுபோல இதையும் உனக்காக நானே செய்துவிட்டேனோ? அல்லது மூன்றாவது ஓலையும் வாசித்து, மந்திரித்துத் தாலியும் கட்டிய பிறகும் நீ சொல்லாமலேதான் இருந்திருப்பாயோ? எனக்குத் தெரியவில்லை. ஜெபத்திலும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு உங்கள் பெயர் வாசிக்கப்படவில்லை. கோயிலில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த வாரமே நீ பெருந்துறையில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாய். ரீட்டாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்தது என்று நீயும் கேள்விப்பட்டிருப்பாய். அவள் மேல் கோபம் வைக்காதே. என் மேல் வைத்திருப்பதை நான் தாங்கிக்கொள்கிறேன். அப்பா என்னோடு பல நாள் பேசவில்லை. இப்போது பேசுகிறார். ஞாயிறு மாலை நான் கூட்டத்துக்குக் கிளம்பினால், இன்னிக்கும் போகோணுமா என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். போகவேண்டும் என்பேன். திரும்பி வரும்போது டீ போட்டு மூடி வைத்திருப்பார். அங்கே என்ன பேசினீர்கள் என்று கேட்க மாட்டார். அவரும் ஒருநாள் வருவார் என்று எதிர்பார்த்து எதிர்பார்த்து, அந்த எதிர்பார்ப்பையும் இப்போது விட்டுவிட்டேன்.

நான் ஏன் இன்னும் போகிறேன் என்று உனக்குத் தோன்றலாம். போவதால் நீ குடிக்காமல் இருக்கப் போவதில்லை. அங்கே இருக்கிற ஒரு மணி நேரம் மட்டும் உன்னைப் பற்றிப் பேசும்போது நான் குரலைத் தாழ்த்துவதில்லை. அதற்காகப் போகிறேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நிறுத்தியவர்களையும் அங்கே பார்க்கிறேன். நிறுத்தி, மறுபடி விழுந்து, மறுபடி வந்து உட்கார்ந்தவர்களையும் பார்க்கிறேன். வராமலே போனவர்களுடைய அம்மாக்களையும் பார்க்கிறேன். எந்த வரிசையில் நான் நிற்கிறேன் என்று தெரியாமல்தான் ஒவ்வொரு வாரமும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறேன்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்குக் குறைந்துவிட்டது. சொல்ல இருப்பதும் கொஞ்சம்தான். வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. குடித்த அன்று வண்டியைத் தொடாதே, நடந்து போ, அவமானமாக இருந்தாலும் பரவாயில்லை. குடித்துக் குடித்துப் பழகிய உடம்பு ஒரேயடியாக நிறுத்தினால் நடுங்கும், வலிப்புகூட வரலாம் என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அதனால் நிறுத்துவது என்று நீ முடிவு செய்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ. அறையில் தனியாகக் கிடந்து வீரம் காட்டாதே. அப்பாவிடம் போனில் பேசும்போது, சாப்பிட்டேன் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்துப் பேசு. அவர் அதை வைத்து ஒரு வாரம் ஓட்டுவார்.

போன புதன்கிழமை நான் பெருந்துறைக்கு வந்திருந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை. அங்கேயும் ஒரு கூட்டம் நடக்கிறது என்று பெரியவர் விசாரித்துச் சொன்னார். அது உண்மையா, இன்னும் நடக்கிறதா, நீ நடந்து போகிற தூரமா என்று பார்க்க வந்தேன். தேடிப் பிடிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. இந்த முறை ஒரு கடை வாசலில் நின்று, குடியை விட்டவங்க கூடற கூட்டம் எங்கீங்க என்று சத்தமாகவே கேட்டேன். மரக்கடைக்காரர் கை காட்டினார். சின்ன அறை. மூன்று பேர் இருந்தார்கள். மில்லில் ஷிப்டு முடித்து வந்தவர்கள். நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். என் மகன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறான், ஒருமுறை போய்க் கதவைத் தட்டுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர்களில் மூத்தவர் என் கையைப் பிடித்து இறக்கினார்.

"அவரு கூப்பிட்டா எந்நேரமும் போவோமுங்கம்மா. நீங்க சொல்லி நாங்க போனா, அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டாருங்க," என்றார்.

எனக்குத் தெரிந்த பதில்தான். கேட்காமல் இருக்க முடியவில்லை. கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, உன் தெருப் பக்கம் நடந்தேன். நீ மாடி விளக்கு வெளிச்சத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். மெலிந்திருந்தாய். கம்பெனிச் சட்டையை உதறி, தோள்பட்டை மடிப்பை நீவிவிட்டுக் கொடியில் போட்டாய், அப்பா செய்வதுபோலவே. எதிரில் பேக்கரி ஓரத்தில் நான் நின்றிருந்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம். உன் பெயர் வாய்வரை வந்தது. நீ இறங்கி வந்திருந்தால் நான் அழுதிருப்பேன், உன்னை அந்த அறைக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பேன், நீ ஓரமாக உட்கார்ந்து, எங்கம்மாவுக்குத் துணைக்கு வந்தேன் என்று சொல்லியிருப்பாய். அதனால் கூப்பிடவில்லை. நீ உள்ளே போகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கோயமுத்தூர் பஸ் ஏறினேன்.

அந்த இடத்துக்கு வழி சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஈரோடு ரோட்டில் நடந்தால் இடதுபக்கம் ஒரு மரக்கடை. அதை ஒட்டிச் சந்து போகிறது, கார் நுழையாது. சந்தின் கடைசியில் டியூசன் எடுக்கிற கட்டடம், அதற்குப் பின்பக்கம் பச்சை அடித்த கதவு. போர்டு எதுவும் இருக்காது. புதன்கிழமை சாயங்காலம் பொழுதோட கூடுகிறார்கள். ஊர் பெயர், சாதி, வேலை எதுவும் கேட்க மாட்டார்கள். பேச வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் கதவு பூட்டியிருப்பதுபோலத்தான் தெரியும். நானும் அப்படி நினைத்துத் திரும்பிப் போய்விடப் பார்த்தேன். மழையில் மரம் ஊதி இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். தோளைக் கொடுத்துத் தள்ளு, திறந்துகொள்ளும்.

அம்மா